அக்ராவில் இனி சத்தம் போடலாமாம்

நம்ம தெத்தே போய்விட்டான்...

போய் இன்றோடு பத்தொன்பது நாள். "இவ்வளவு நாள் கழித்தா சொல்வது" என்று யாரும் கமெண்டில் வந்து திட்டாதீர்கள். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி அவனுடைய அக்கா உத்தரவு. எனக்கு... அதுவும் எனக்கு!

நாளை சனிக்கிழமை அடக்கம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லோரும் அவனிடம் கடைசியாகப் பேசுவார்களாம். நானும் பேசி வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும், இன்று மதியத்துக்குள். நாலு தடவை ரெக்கார்ட் பண்ணி நாலையும் அழித்துவிட்டேன். நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெத்தே, துபாய் ஜெபல் அலியில் எங்கள் வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். கானா நாட்டுக்காரன். தலைநகரம் அக்ராவில், கடலை ஒட்டி மீன்காரர்கள் இருக்கிற பழைய பகுதி. எட்டு வருஷம் லேபர் கேம்பில், எங்கள் ரூமில் என் தலைக்கு மேல் கட்டில். ஒன்பது தமிழனுக்கு நடுவில் ஒரே ஒரு தெத்தே. தமிழும் கற்றுக்கொண்டான், கெட்ட வார்த்தையில் தொடங்கி.

காலையில் டூட்டிக்கு ஷூ மாட்டும்போது நெஞ்சைப் பிடித்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை...

பேப்பர் வேலை முடிந்து பத்தாம் நாள் அவனை ஃபிளைட் ஏற்றினோம். அங்கே போயும் அடக்கம் இல்லை, ஐஸ் பெட்டிதான். ஏனென்றால் அந்த ஊரில் இது சத்தம் போடக்கூடாத மாசம்.

வருஷா வருஷம் பூசாரிகள் விதை போட்டதும் ஒரு மாசம் மேளம் கிடையாது, மைக் கிடையாது, சாவை வெளியே சொல்லக்கூடாது, எடுக்கக்கூடாது. பயிர் முளைக்கிறதாம், தொந்தரவு பண்ணக்கூடாதாம். எங்கள் அறந்தாங்கிப் பக்கம் காப்புக் கட்டினால் ஊர் ஒரு கட்டுக்குள் வருமே, அது மாதிரி. ஆனால் அது குக்கிராமம் இல்லை... பெரிய பெரிய பில்டிங்கும் டிராஃபிக் ஜாமும் உள்ள தலைநகரம்! சர்ச்சில்கூட ஸ்பீக்கரைக் குறைத்துக்கொள்வார்களாம்.

எனக்கு இது தெரிந்ததே தப்பு பண்ணித்தான். அவன் வந்த முதல் வருஷம், எங்கள் ரூம் முருகேசனுக்குப் பிறந்தநாள். நான் தண்ணி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அடி பின்னிக்கொண்டிருக்கிறேன். தெத்தே கட்டிலில் இருந்து இறங்கி வந்து டிரம் மேலேயே உட்கார்ந்துகொண்டான். ஆறடி ஆள்!

"நோ பாய். என் ஊர்ல இப்ப சவுண்ட் மாஃபி. சத்தமே கூடாது."

"டேய், உன் ஊரு எங்க இருக்கு, ஜெபல் அலி எங்க இருக்கு? இங்க அடிச்சா அங்க கேக்குமா?"

"அங்க கேக்காது. எனக்குக் கேக்குதுல்ல?"

அதிலிருந்து வருஷத்தில் ஒரு மாசம் எங்கள் ரூமில் பாட்டு எல்லாம் காதுக்குள்தான். பக்கத்து ரூம் மலையாளி எட்டிப் பார்த்து, "எல்லாரும் லீவுக்குப் போயோ?" என்பான்.

அந்த மாசம் முடிந்து, அப்புறம் ஒரு திருவிழா வரும். பசியைக் கிண்டல் பண்ணுகிற திருவிழா! ஏதோ ஒரு காலத்தில் பெரிய பஞ்சமாம். பிறகு நல்லா விளைந்ததும் சனமெல்லாம் சேர்ந்து பசியைப் பார்த்து ஊளையிட்டுச் சிரித்தார்களாம். இதைக் கேட்ட அன்றுதான் அவனை "மச்சான்" ஆக்கிக்கொண்டேன்.

திருவிழா அன்றைக்கு மக்காச்சோள மாவை அவித்து, பாமாயில் விட்டுப் பிசைந்து, முதல் பிடியைத் தரையில் தூவுவான். செத்துப்போன பெரியவர்களுக்கு.

கேம்ப் பாஸ் வந்து, "யாருய்யா இதைக் கிளீன் பண்றது?" என்றார்.

"சாப்பிட்டவங்க வந்து பண்ணுவாங்க சார்" என்றேன் நான். தெத்தே விழுந்து விழுந்து சிரித்தான்.

ஊரில் வேனுக்குக் கண்டக்டராக இருந்தவன். கம்பெனி பஸ் கிளம்பும்போது படியில் தொங்கிக்கொண்டு "சர்க்! சர்க்! சர்க்!" என்று கத்துவான். அக்ராவில் ஒரு பெரிய ரவுண்டானாவுக்கு ஆள் ஏற்றுகிற கூப்பாடாம் அது. "கலாஸ் பாய், பைட்டோ!" என்று, போதும் உட்காரச் சொல்லி, பாகிஸ்தான்காரப் பட்டான் டிரைவர் கெஞ்சுவார்.

ஒரே ஒரு நாள்தான் சிரிக்காமல் பேசினான். போனில் ஒரு பழைய கோட்டையைக் காட்டினான். அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வெள்ளைக்காரன் கட்டியது. ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்துக் கப்பல் ஏற்றின இடம், பிற்பாடு ஜெயில்.

"லீவு இல்ல, ரிட்டன் டிக்கெட் இல்ல மச்சான். போனவன் போனவன்தான்... நான் செத்தா என்னைய ஊருக்கு அனுப்பிடு."

"ஏன், ஃபோர்க்லிஃப்ட் உன்கிட்டதான இருக்கு. நீயே ஏறிப் படுத்துக்க" என்றேன். 

சொல்லியிருக்க வேண்டாம்... ஏர்போர்ட் கார்கோவில் நாங்கள் நிற்கும்போது, யாரோ ஒரு பையன்தான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். மெதுவாகத்தான் தூக்கினான், குறை சொல்ல முடியாது.

பதினாறாம் நாள் முருகேசன் சோனாப்பூர் கேம்ப் பக்கம் போய் ஒரு பறை வாங்கி வந்துவிட்டான். "அண்ணே, நம்ம முறைக்கு நாலு அடி அடிச்சிருவோம்ணே."

"அவன் ஊர்ல முடியட்டும்டா. அதுவரைக்கும் கை வச்ச, கைய ஒடிப்பேன்."

தெத்தே போட்டோ முன்னால் ஒன்பது பேரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒருத்தன் தும்மக்கூட வெளியே போனான்.

நேற்றுதான் அக்கா போன் பண்ணினார். தடை முடிந்ததாம். அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லையாம். போனிலேயே அழுதார்... நானும் பின்னாலேயே.

ஐந்தாவது தடவை போனைக் கையில் எடுத்தேன். முருகேசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க அழுது அனுப்புனா, யாரோ தெரியாத ஆளுன்னு நெனச்சுக்குவாருண்ணே."

சரிதானே?

"டேய் சோம்பேறி, பத்தொன்பது நாளாப் படுத்தே கெடக்கியே, உங்க அக்கா ஒத்தையா அல்லாடுது, எந்திரிச்சு ஒரு நாற்காலியாவது எடுத்துப் போடக்கூடாதா..."

அனுப்பிவிட்டேன். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கேட்டுவிட்டு, "இப்படித்தான் பேசுவீங்கன்னு தம்பி சொல்லியிருக்கான். நாளைக்கு நல்லா சவுண்டா வைக்கிறேன்" என்று இங்கிலீஷில் பதில் போட்டார்.

போய்ட்டு வாடா மச்சான்.