மாமியாரைக் கைவிட்டவள்

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே கூடப் படித்தவர்கள் ‘மிளகாய்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் டிரைவரின் மகள். லீவு நாளெல்லாம் அப்பாவின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தே வளர்ந்தவள். எவனாவது குறுக்கே வந்தால் அப்பாவுக்கு முன்னால் அவள்தான் தலையை வெளியே நீட்டித் திட்டுவாள்.

பள்ளியில் இருந்தது ஒரே வகை விமானம். மூக்கில் ஒரு விசிறி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை. முன்னால் பழகுபவர், பின்னால் வாத்தியார். இருவர் காலுக்கு நடுவிலும் விமானத்தை ஓட்ட ஆளுக்கொரு ஸ்டிக் இருக்கும். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். எவ்வளவு ஒழுங்காகப் பறந்தாலும் ஏதாவது முனகல், ஏதாவது குலுக்கல். அதனால் அதற்கு மாமியார் என்று பெயர்.

மாமியார் ஒரு வீட்டோடு நின்றவள் அல்ல. உலகத்தில் எத்தனையோ விமானப்படைகள் அவளை வாங்கியிருந்தன. வகுப்பறைக்குப் போகும் வராந்தா முழுக்க அவள் படங்கள்தான். பனி கொட்டும் நாட்டில் மஞ்சள் பூச்சு, பாலைவன நாட்டில் மண் நிறம், ஒரு தீவு நாட்டில் கடல்மேல் ரோந்து. ஒரு புண்ணியவான் நாட்டில் இறக்கைக்கு அடியில் துப்பாக்கி கட்டி, பழகுகிற விமானத்தை வைத்தே சொந்த ஜனங்களைச் சுட்டார்களாம். அந்தப் படத்தையும் பெருமையாக மாட்டியிருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

எந்த நாடானாலும் மாமியாரிடம் ஒரு சட்டம் மாறாது. ஸ்டிக்கை வாங்குகிறவர் “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் “யூ ஹேவ் கன்ட்ரோல்” என்று சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். வாத்தியார் இரண்டு வெளிநாட்டுப் படைகளுக்குப் போய் இதே மாமியாரில் பாடம் சொல்லிவிட்டு வந்தவர். அங்கே அவருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது இந்த ஆங்கில வாக்கியங்கள்தான், அதனால் சட்டம் பிசகவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் நம் பேச்சு வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நம்ம பிள்ளைகள்தானே, சட்டம் எதற்கு?

அன்று தரையிறங்கும்போது மிளகாய் கொஞ்சம் உயரமாக வந்துவிட்டாள். “ஐயோ, உயரம் சார்” என்று பதறினாள். பின்னாலிருந்து வாத்தியார், “விடு, விடு” என்றார்.

“சரி சார்” என்று சொல்லி அவள் ஸ்டிக்கை விட்டாள்.

அவர் சொன்னது, பரவாயில்லை, அதை நினைக்காதே என்று. அவள் கேட்டது, கையை எடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் சொன்ன ‘சரி சார்’, ஆறுதலுக்குச் சொன்ன பதிலாக அவர் காதில் விழுந்தது. ஆக, இரண்டு இருக்கை, இரண்டு ஸ்டிக், பிடித்திருந்தவர் ஒருவருமில்லை. மாமியார் தன் இஷ்டத்துக்குத் தொம்மென்று இறங்கி, ஓடுபாதையை விட்டு விலகி, முன் சக்கரம் முறிந்து, விசிறியைப் புல்லில் குத்திக்கொண்டு நின்றாள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

புல்தரையில் நின்று வாத்தியார் கத்தினார்: “நான் ஸ்டிக்கையா விடச் சொன்னேன்?”

விசாரணையில் அவர் கத்தவில்லை. ரொம்பப் பாவமாகச் சொன்னார்: “பயந்துபோய் கையை விட்டுட்டா சார். பொம்பளைப் பிள்ளை, தப்பு சொல்ல முடியாது.” முழுப் பழியையும் அவள் தலையில் கட்டிவிட்டு, அதன்மேல் இரக்கத்தையும் தெளித்தார். பயந்தவள் என்று முடிவானால் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். பிறகு எந்த ஸ்டிக்கும் அவள் கைக்கு வராது.

அன்று சாயங்காலம் போனில் அப்பா, “உயிரோட இருக்கியே, அது போதும். வேற வேலை பாத்துக்கலாம், விடும்மா” என்றார்.

“நீங்க ஓடுற பஸ்ல ஸ்டியரிங்கை விடுவீங்களாப்பா?” என்று சீறிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் அவள் முறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் வாத்தியார். முதலில் விமானத்தில் பதிவான பேச்சைப் போட்டார்கள். “விடு, விடு.” “சரி சார்.” விசாரணைத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். “ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லியிருக்கார். இதுல என்னம்மா குழப்பம்?”

“நானும் ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’னு சொல்லியிருக்கணும், அது என் தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா நான் பயப்படல சார்.”

மேஜைமேல் மாமியாரின் மரப்பொம்மை ஒன்று இருந்தது. பளபளவென்று மெருகு போட்டது, தலைவருக்குச் செல்லம். “மூக்கு எப்படிப் போச்சு, இதுல காட்டு” என்றார். அவள் அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள். வந்த உயரம், சாய்ந்த பக்கம் எல்லாம் காட்டிக்கொண்டே போனபோது குரலும் ஏறிக்கொண்டே போனது. “பயந்தவ எதுக்கு சார் ‘சரி சார்’னு பதில் சொல்லப்போறா? வெளிநாட்டுப் பிள்ளைங்ககிட்ட ஒழுங்கா சட்டப்படி பேசினவரு, நம்ம பிள்ளைங்கன்னா மட்டும்…”

“சரி சரி, விடும்மா” என்றார் தலைவர்.

அவள் விட்டாள்.

பொம்மை தரையில் விழுந்து விசிறி தெறித்தது. தலைவர் துள்ளி எழுந்தார். “ஏய்! பொம்மையையா விடச் சொன்னேன்?”

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது. பக்கத்து அதிகாரி சிரிப்பை அடக்க இருமினார். வாத்தியார் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னப்ப என் கையில இருந்தது பொம்மை சார். அவர் சொன்னப்ப ஸ்டிக்” என்றாள் அவள்.

அவளைத் திரும்பப் பறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ‘இரு தரப்பிலும் புரிதல் பிழை’ என்று பூசி மெழுகியிருந்தார்கள். பயந்தாள் என்ற பேச்சு மட்டும் எடுபடவில்லை. விமானத்துக்குள் தாய்மொழியில் பேசக் கூடாது என்று எல்லாருக்கும் புது ஆணை வேறு, மொழிதான் குற்றம் செய்ததுபோல.

திரும்பப் பறக்கப் போன முதல் நாள் ஹெல்மெட்டோடு வராந்தாவில் வந்தவளை வாத்தியார் நிறுத்தினார். ஊர் ஊராகப் போன மாமியார்கள் சுவரில் வரிசையாகத் தொங்கினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தார்.

“நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத, விடும்மா.”

“எதை சார்? தெளிவா சொல்லுங்க.”

“அதான்… அன்னைக்கு நடந்தது…” என்று இழுத்தார்.

“நான் பயந்துட்டேன்னு சொன்னீங்களே, அதையா? அதை விடமாட்டேன் சார்.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு விமானத்துக்குப் போனாள்.