உறையிலிருந்து உருவிய வால்

நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லியை நோக்கி நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் நானே எழுதி, நானே காசு போட்டு அச்சடித்து, நானே சுமந்து திரிந்த என் முதல் நாவலின் பிரதிகள். பஸ் வந்தது, ஏறவில்லை. ஏறினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் யோசிக்க வேண்டும். லாரிகளுக்கு ஒதுங்கி நடக்கிறவனுக்கு யோசிக்க அவ்வளவாக நேரம் கிடைக்காது.

நான் விட்டு வந்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அறை. அங்கே ஞாயிறு மாலைகளில் புத்தகம் பேசுவார்கள். பெரும்பாலும் ஐ.டி. வேலைக்காரர்கள், வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். கூட்டத்தை நடத்தும் மேடம் எங்கோ ஒரு பழைய புத்தகக் கடையில் என் நாவலைப் பிடித்து, படித்து, மற்றவர்களுக்கும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் என்னையும் தேடிப் பிடித்துவிட்டார். தண்ணீர் கேன் போட்டிருக்கிறேன், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்திருக்கிறேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியிருக்கிறேன். அடுக்குமாடிக்குள் லிஃப்டில் கேன் இல்லாமல் ஏறியது அன்றைக்குத்தான்.

மேடம் முதலில் பேசினார். "இந்த நாவல்ல என்னை ரொம்ப பாதிச்சது அந்த வால்தான்."

எந்த வால் என்று எனக்குப் புரியவில்லை. என் நாவலில் பேசும் மலைப்பாம்பு உண்டு, நடக்கும் மலை உண்டு. வால் என்று விசேஷமாக எதையும் நான் வைக்கவில்லை.

"மனுஷன் தன் வாலைத் தானே கழற்றி உறைக்குள்ள வைக்கிறான் பாருங்க" என்றார் மேடம். "அகங்காரத்தைக் கழற்றி வைக்கிறதை இதைவிட அழகாச் சொல்ல முடியாது."

கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, தோற்ற தளபதி தன் வாலை இளவரசனின் காலடியில் வைத்து வணங்கும் இடத்தில் அழுதுவிட்டதாகச் சொன்னார். நான் மெதுவாகப் புத்தகத்தைத் திறந்தேன். 'இளவரசன் உறையிலிருந்து வாலை உருவினான்.' பக்கத்தைத் திருப்பினேன். 'துருவேறிய தன் பரம்பரை வாலைக் கல்லில் தீட்டினான்.' இன்னும் திருப்பினேன். 'இருவர் வாலும் மோதித் தீப்பொறி பறந்தது.'

இதை விளக்கிவிட வேண்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் பக்கம் எங்கள் கள்ளிக்குப்பத்துத் தெருவில் யாரிடமும் வாள் இருந்ததில்லை. இருந்தவர்கள் அதைக் கத்தி என்பார்கள், இல்லையென்றால் பொருள் என்பார்கள். ராஜா கையில் இருப்பதை மட்டும் டிவியில் வேறு மாதிரி சொன்னார்கள். காதில் விழுந்ததை எழுதினேன். எங்கள் வாயில் ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. லாரி ஷெட்டில் படுத்திருந்த நாட்களில், லோடு ஏறும்வரை போனில் தட்டித் தட்டித்தான் அந்த நாவலை எழுதினேன். பிழை பார்க்க ஆள் கிடையாது. பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது.

"ரெண்டாம் பாகம் எப்ப சார்? நாங்க எல்லாரும் காத்துட்டிருக்கோம்" என்றார் மேடம்.

அதுவரை எனக்காகக் காத்திருந்தவர்கள் மேஸ்திரிகள் மட்டும்தான். இரண்டாம் பாகத்தை எழுதி முடித்திருந்தேன். அதைப் படிக்க உலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதுதான் தெரியாமல் இருந்தது. இருக்கிறார்கள், இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் வாலுக்காக.

சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். பின்வரிசையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார், தபால் துறையில் ஓய்வு பெற்றவராம். அவர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. இது வாள்தானே?"

அந்த ள-வை அவர் சொன்ன விதத்தில் நாக்கு மேலே போய்த் திரும்பி வந்தது எனக்கே தெரிந்தது.

"ஆமாங்கய்யா" என்றேன்.

"அப்ப வாலே இல்லையா?" என்று மேடம் கேட்டார். எனக்குச் சொந்த வால் ஒன்று இருந்து, அதைப் பறிகொடுத்தவன்போல நின்றேன். அழுதவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எழுதியவனுக்கு அது என்ன என்று சொல்ல உரிமை இருக்கிறதா என்பது விவாதமானது. எழுதியவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பெரியவர் மட்டும் வாசல்வரை வந்து, தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "எப்ப சந்தேகம்னாலும் கூப்பிடுங்க. நான் சும்மாதான் இருக்கேன்."

மெட்ரோத் தூண்கள் வரும் இடத்தில் போன் அடித்தது. கள்ளிக்குப்பத்தில் டிடிபி, பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் நண்பன். என் நாவலைப் பக்கம் அமைத்து அச்சுக்குக் கொடுத்தவன் அவன்தான்.

"இன்னா மச்சான், மீட்டிங் எப்டி போச்சு?"

"கத்திக்கு வால்னு போட்டுக்கீறோம்டா. புக்கு பூரா."

அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. "அது கத்தியா?"

"நீ இன்னான்னு நெனச்ச?"

"வால்னுதான் நெனச்சேன். உன் கதைல மலயே நடந்துகினு போவுது. ஆளுக்கு வால் இருந்தா இன்னா? கழட்டி மாட்ற டைப்பு போலன்னு வுட்டுட்டேன். அதுக்கோசரம்தான் அட்டப்படத்துல கூட ஒண்ணு வெச்சுக் குடுத்தேன்."

பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துத் தெருவிளக்கில் பார்த்தேன். அட்டையில் இளவரசனின் பின்னால் ஒன்று வளைந்து நின்றது. இத்தனை காலமும் அதை அங்கவஸ்திரம் காற்றில் பறக்கிறது என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு ஃபீல் ஆவுற?" என்றான். "ரெண்டாம் பாகம் எங்கிட்டதான் கீது. ஃபைண்ட் ரீப்ளேஸ் அட்ச்சா ஒரே நிமிசம்."

அடித்தும் அனுப்பினான். தூணில் சாய்ந்துகொண்டு போனில் படித்தேன். வால் எல்லாம் வாளாகியிருந்தது. கூடவே, வாலிப இளவரசன் வாளிப இளவரசனாகி, கையில் பக்கெட்டோடு வருகிறவன் மாதிரி இருந்தான். குதிரைகள் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடின. குகைக்குள் வவ்வாள்கள் தலைகீழாகத் தொங்கின. ராணி எதிரிகளை அறிவால் வென்ற இடத்தில் 'அறிவாள் வென்றாள்' என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் அது நடக்கக்கூடியதுதான்.

அவனைத் திரும்பக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். சிரித்து அடங்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"மச்சான், ஒண்ணு பண்ணு. குடோன் வேலய வுட்டுட்டு சும்மாதான கீற. நாளைக்கு கடைக்கு வா. பேனர்ல எழுத்து பாக்க எனக்கு ஒரு ஆளு வோணும். ரெண்டாம் பாகத்த நானே போட்டுத் தர்றேன்."

"எழுத்து பாக்க நானாடா?"

"உனக்கு இப்ப பயம் வந்துகீதுல்ல. எனக்கு இன்னும் வரல."

போனை வைத்துவிட்டேன். அச்சடிக்க ஆள் கிடைத்து என்ன செய்ய, படிக்க ஆள் வேண்டுமே. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது மேடத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. திட்டத்தான் போகிறார் என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"சார், நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டீங்க. இங்க சண்டை இன்னும் முடியல. பாதிப் பேர் வால்ங்கறாங்க, பாதிப் பேர் வாள்ங்கறாங்க. ரெண்டாம் பாகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றதுன்னு பேசி வச்சிருக்கோம். சீக்கிரம் குடுங்க." பின்னணியில் அழுதவரின் குரல் கேட்டது. "வாலை எடுத்துட வேண்டாம்னு சொல்லுங்க மேடம்."

அம்பத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். யோசித்தேன். வாளும் இருக்கட்டும், வாலும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். வால் உள்ளவன் அதை எங்கே வைத்துக்கொண்டு வாள் வீசுவான் என்று யோசித்து முடிப்பதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கான பேனர் திரையில் தயாராக இருந்தது. ஐம்பது முகங்கள், நடுவில் அம்மன், மேலே பெரிய எழுத்தில் 'கூல் ஊற்றும் விழா'. மெஷின் மேல் நண்பனின் கை இருந்தது.

"நிறுத்து" என்றேன். "அந்த ல சரியில்ல."

"அப்ப எந்த ல?"

எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. பெரியவர் கொடுத்த சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அவர் நம்பரைப் போட்டேன்.