கோட்டுக்கு எந்தப் பக்கம்

ஆரின் ஹௌகன் பலகையில் கோடு போட்டதும், வெட்டி எறியப்போகும் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். ரம்பம் கோட்டின் மேலேயே ஓடக் கூடாது, குறி போட்ட பக்கமாக ஓட வேண்டும். ஏனென்றால் ரம்பமே ஒரு பல் அகலத்துக்கு மரத்தைத் தின்னும். "அதுக்கு எந்தப் பக்கத்துலேருந்து சோறு போடறோம்ங்கறதுதான் வேலை. வேற என்ன இருக்கு இதுல?" என்பார். சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார்.

எங்கள் மரக்கடையின் ரம்பக் கொட்டகை முப்பத்தோரு வருடமாக அவருடையது. நான் கல்லாவில் இருக்கிறேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் முதுகும் காதிலுள்ள அந்தத் தட்டையான சிவப்புப் பென்சிலும் தெரியும். "சர்ச்சுக்கும் அதோடதான் வராரு. பாதிரியாரை எங்க அளந்து வெட்டிடுவாரோன்னு இருக்கு" என்பாள் அவர் மனைவி கார்லா.

மே மாதம் அவர் உணவுக்குழாயில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தது. இருபத்தெட்டு முறை கதிர்வீச்சு, சனி ஞாயிறு தவிர தினமும். காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி மேசையில் படுத்து எழுந்து, எட்டரைக்கு ரம்பத்தின் முன் நிற்கிறார். விடுப்பெல்லாம் குளிர்காலத்தில் முட்டி ஆபரேஷனோடு தீர்ந்துவிட்டது. முழுநேர வேலையாளுக்குத்தான் கடை மருத்துவக் காப்பீடு தருகிறது. வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் அந்த மேசையும் போகும்.

முன்பெல்லாம் மதியம் சாசேஜும் வெங்காயமும் திணித்த ரொட்டி சாப்பிடுவார். இப்போது ஆறிப்போன உருளைக்கிழங்கு மசியல்தான். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார். அப்போது அவர் வலது கால் தானாகத் தரையை உதைக்கிறது.

கூரை வேலை செய்யும் டுவேன் ஒரு நாள் கொட்டகை வாசலில் நின்று கத்தினான். "என்ன கிழவா, உனக்கே அளவெடுத்துக் கோடு போட்டுட்டாங்களாமே?"

"ஆமாடா. உன் மண்டைக்கும் போடச் சொல்லியிருக்கேன். உள்ள ஒண்ணும் இல்லை, சும்மா வெட்டலாம்னேன்."

டுவேன் சிரித்துக்கொண்டே போனான். ஆரின் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். நெஞ்சில் அவருக்கு உண்மையாகவே கோடுகள் இருக்கின்றன. கருநீல மையில் வரைந்து, மேலே கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். கதிர் எங்கே விழ வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

"கதிர் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழும்னு அங்க மெஷின் ஓட்டற பொண்ணுகிட்ட கேட்டேன்" என்றார் என்னிடம். "கவலைப்படாதீங்கன்னு சொல்லுது. இந்தப் பக்கம் இதயம் இருக்கும்மா. நான் கவலைப்படாம வேற யாரு படறது?"

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புல் வெட்டும்போது வியர்வையில் ஒட்டுத்தாள் உரிந்துவிட்டது. நடுக்கோடு பாதி அழிந்திருந்தது. அழிந்தால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், நீங்களாக வரையாதீர்கள் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் கோடு போட்ட கை கேட்குமா? கடையில் பயன்படுத்தும் மையெழுதுகோலை எடுத்து, கண்ணாடி முன் நின்று, அளவுகோல் வைத்து வரைந்துவிட்டார்.

திங்கள் காலை அந்தப் பெண் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள். மறுபடி படமெடுத்தார்கள். கோடு விலகியிருந்தது. அன்று கதிர் இல்லை.

"எவ்வளவு விலகிச்சு?" என்று கேட்டேன்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டும் தொடாத அளவுக்குக் காட்டினார். ஒரு ரம்பப்பல் அகலம்.

அதிலிருந்து எதையும் மூன்று முறை அளக்கிறார். வெட்டிய பின்னும் அளக்கிறார். போன புதன்கிழமை, கோடும் குறியும் போட்ட பலகையை ரம்பத்தின் முன் வைத்துவிட்டு அப்படியே நின்றார். விசையை அழுத்தவில்லை. வரிசையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் கழித்துத்தான் ரம்பம் கத்தியது.

பிறகு கல்லாவுக்கு வந்தார். "டெனீஸ் பார்த்தாளா?" டெனீஸ்தான் முதலாளி.

"மேலே அறையில இருந்தாங்க. தெரியலை."

"கை ஆடுதுன்னு நினைச்சாள்னா ரம்பத்தை விட்டு இறக்கிடுவா. இறக்கினா அரைநாள் வேலைதான். இன்னும் பதினொரு தடவை கதிர் பாக்கி இருக்கு." குரல் மெலிந்தது. "கை ஆடலைம்மா. கை நேராத்தான் இருக்கு. கோட்டைப் பார்த்தாத்தான் நம்பிக்கை வரமாட்டேங்குது."

டெனீஸ் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் படியிறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முதுகு நிமிர்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குக் கிளம்பும்முன் கல்லா அருகே நின்றார். பையிலிருந்த மையெழுதுகோலை எடுத்து என் முன் வைத்தார். கொஞ்சம் யோசித்து, காதிலிருந்த பென்சிலையும் உருவி அதன் பக்கத்தில் வைத்தார். அந்தக் காதை நான் வெறுமையாகப் பார்த்ததே இல்லை. பென்சில் இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

"திங்கக்கிழமை காலையில குடு. நடுவுல நான் வந்து கேட்டாலும் குடுக்காதே."

வாசலில் பழக்கத்தால் அவர் கை காதுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கை மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது. சட்டைக்கு ஒரு விரல் தள்ளி, எதையும் தொடாமல் நின்றது.