விரத நாளில் வாய்க்குள் திணிக்கப்பட்ட சீனிக்கட்டி

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு பழைய விடுதியில் இருந்தேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த வயதிலேயே சீனி வருத்தமும் இருந்தது, அதுதான் நீரிழிவு. அறைத் தோழரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

விடுதிக்கு வந்த டாக்டர் ஏதாவது நோய் உண்டா என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். "வருத்தக்காரன் எண்டு தெரிஞ்சால் வைச்சிருக்க மாட்டாங்கள் அண்ணை, அடுத்த பிளேனிலயே ஏத்திப்போடுவாங்கள்" என்று தோழர் சொல்லியிருந்தார். அவருக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசைகளை, அந்த வருத்தத்துக்கான மாத்திரைகளை, காலுறைக்குள் ஒளித்துவைத்து, காலையில் கழிவறைக்குள் நின்று விழுங்குவேன்.

கந்தசஷ்டி வந்தது. எங்கள் தெருவில் ஷெல் விழுந்ததாக மனைவியின் கடிதமும் வந்தது. ஆறு நாளும் விரதம், மாலையில் மட்டும் பாலும் பழமும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். சாப்பாட்டை நிறுத்திய மடையன் குளிசையை நிறுத்தவில்லை. வெறும் வயிற்றில் அது இரத்தத்தில் உள்ள சீனியை அடியோடு இறக்கி ஆளையே விழுத்திவிடும் என்று எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் மதியம், டேனிஷ் வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது கை நடுங்கத் தொடங்கியது. அந்தக் குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்தது. பஸ் வந்தது. ஏறப்போனால் கால் படியைத் தவறவிட்டது. பேசப்போனால் நாக்கு புரளவில்லை. சாரதி என்னை ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கதவை மூடினார். நின்றவர்கள் விலகிப் போனார்கள். பட்டப்பகலில் கறுத்த மனிதன் ஒருவன் குடிவெறியில் நிற்கிறான், அவ்வளவுதான் அவர்களுக்கு. அப்படியே தரையில் சரிந்தேன். குடித்துச் செத்தான் என்றுதான் பிள்ளைகளுக்குச் செய்தி போகும் என்று நினைத்தேன். அப்படியொரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அப்போதுதான் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கறுப்பினப் பெண் ஓடிவந்து முழந்தாளிட்டார். என் வாயை முகர்ந்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். உடனே கைப்பையிலிருந்து சீனிக்கட்டி ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுவந்தார். நான் பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன். விரதம்! அதை முறித்தால் பிள்ளைகள் தலையில் ஷெல் விழும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் கெஞ்சவில்லை. மூக்கைப் பிடித்தார். மூச்சுக்காக வாய் திறந்ததும் கட்டியைத் திணித்துவிட்டார்.

கொஞ்சம் தெளிந்ததும் ஆங்கிலத்தில் கதைத்தோம். அவர் கானா நாட்டவர், முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அவருக்கும் இதே வருத்தம். முந்திய வருடம் ஒரு கடையில் இப்படி மயங்கியபோது, குடிகாரி என்று வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்களாம்.

மறுநாள் காலையே விடுதிக்கு வந்து என்னை டாக்டரிடம் இழுத்துப்போனார். வாசலில் நின்றுவிட்டேன். "நான் வரேல்லை அக்கா, பிள்ளையளை இஞ்ச கூப்பிடேலாமல் போயிடும்" என்று தமிழிலேயே அழுதேன். அவருக்குத் தமிழ் எங்கே தெரியும்? கையை விடவில்லை. டாக்டர் கடிந்துகொண்டார், குளிசை எழுதித் தந்தார். யாரும் என்னைப் பிளேனில் ஏற்றவில்லை. அன்று பின்னேரம், தனக்கும் பிரஷர் இருக்கிறது என்று அறைத் தோழர் மெல்ல வாயைத் திறந்தார். அவரையும் அந்தப் பெண்தான் கூட்டிப்போனார். இரண்டு வருடத்தில் என் குடும்பமும் வந்து சேர்ந்தது.

இன்றும் தெருவில் யாராவது தள்ளாடிக்கொண்டு நின்றால் என் கால்கள் முதலில் விலகத்தான் பார்க்கின்றன. அந்தப் பெண் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பார் என்ற பயத்தில்தான் பக்கத்தில் போகிறேன்.