மழைக்கான டயர்

"டயர் மாத்தணும்" என்று என் கணவர் சொன்னபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவை மூடப்போன கை அப்படியே நின்றுவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அவராகவே ஆரம்பித்த முதல் பேச்சு அது. அதுவரை நான் ஏதாவது கேட்டால் ஒரு 'ம்' வரும். சில நாட்களில் அதுவும் வராது.

அவர் ஏன் அப்படி ஆனார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். வேலை போகவில்லை. எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. கோடை முடியும்போது தூக்கம் குறைந்தது, பிறகு சாப்பாடு. அப்புறம் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சபையிலிருந்து நாலைந்து பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோவிலம்பாக்கத்திலிருந்து என் மாமியார் தினமும் போன் செய்து, சாப்பிட்டானா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் ஒரு முறை அழைத்துப் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவர் சில நாள் சாப்பிட்டார், பிறகு தலை மந்தமாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். மறுபடி வரமாட்டேன் என்றார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு மாடம்பாக்கத்தில். கீழே பார்க்கிங்கில் தூண் ஓரமாக, உறை போட்ட அவருடைய கார் நின்றது. இரண்டே இருக்கை, கருநீலம், தரையோடு தரையாக இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போய், ஒரு சுற்று ஓட்டிவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வருவார். மாதக்கணக்கில் அசையாமல் நின்றதில் டயர்கள் காற்று இறங்கி, தரையில் பட்ட இடம் சப்பையாகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தன.

அன்று வகுப்பில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. டயர் மாற்ற வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது என்றால் அவருக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. இடைவேளையில் வேளச்சேரி சாலையில் உள்ள ஒரு டயர் கடைக்குப் போன் செய்தேன். முன்சக்கரம் ஒரு அளவு, பின்சக்கரம் அதைவிட அகலம், வரவழைத்துத்தான் தர வேண்டும் என்றார் கடைக்காரர். அந்த அளவில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மென்மையான ரப்பர், மேலே வெட்டியிருக்கும் வரிப்பள்ளம் குறைவு. காய்ந்த சாலையில் பசை போட்டது போலப் பிடிக்கும். ஆனால் தேங்கிய தண்ணீரில் போனால் வண்டி மிதக்கும். இன்னொன்றில் பள்ளம் அதிகம், தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓட்டுவதில் அந்தத் துடிப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். போனை எடுத்து எதையோ தேடினார். "அவர் சொல்றது பாதிதான் சரி" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் டயர் பேச்சுதான். நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். வீட்டுக்குள் 'வா', 'போ' என்றுதான் பேசிக்கொள்வோம். அந்த நாட்களில் போல அவர் எனக்குப் பாடம் எடுத்தார். ரப்பர் சூடானால் என்ன ஆகும், பக்கச்சுவர் விறைப்பாக இருந்தால் வளைவில் வண்டி எப்படித் திரும்பும் என்றெல்லாம் சொன்னார். தாடியை மழித்துக்கொண்டார். மாமியாரிடம் இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று சொன்னேன். அவர் போனிலேயே ஸ்தோத்திரம் சொன்னார்.

பிறகு ஒரு நாள், காய்ந்த சாலைக்கான டயரே போதும் என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

"மழை ஆரம்பிக்கப் போகுதே?" என்றேன்.

"வெளிவட்டச் சாலைல ஒரே ஒரு தடவை முழு வேகத்துல ஓட்டிப் பாக்கணும். அதுக்கு இது போதும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த 'ஒரே ஒரு தடவை' உள்ளே போய்க் குத்தியது. முந்தின வாரம் தன் கேமராவை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ஆசையாகச் சேர்த்த லென்ஸ்களோடு. நல்லாகிவிட்டார் என்று என் தம்பி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான். எரிவாயு இணைப்பை என் பெயருக்கு மாற்றச் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தது எதற்காக என்று அப்போதுதான் யோசித்தேன்.

யாரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவரை முடிவெடுக்க விடாமல் இழுத்தடிப்பது. அந்த டயர் சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே என்றேன். பள்ளியில் ஒரு சாரின் மச்சான் அதைப் போட்டுவிட்டுச் சத்தம் தாங்காமல் மாற்றினாராம் என்று கதை கட்டினேன். பின்னால் மட்டும் மழை டயர் போட்டால் என்ன என்று கேட்டேன். அப்படிக் கலந்து போடக் கூடாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். விளக்கிக்கொண்டிருக்கிற வரை இருப்பார் என்று ஒரு நம்பிக்கை. பள்ளியிலிருந்து நடுவில் போன் செய்து டயரைப் பற்றி ஏதாவது சந்தேகம் கேட்பேன். மணி அடித்துக்கொண்டே இருந்து அவர் எடுக்கத் தாமதமானால் வராந்தாவில் நின்றபடியே வியர்த்துப் போவேன். எடுத்து அவர் சலித்துக்கொள்ளும்போதுதான் மூச்சு வரும்.

ஆனால் சந்தேகங்களும் தீர்ந்துபோகும். ஒரு நாள் அவரே கடைக்குப் பேசிவிட்டார். "நாளைக்கு மாட்டிடறாங்க. நீ ஸ்கூலுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் லீவு போட்டேன். கூட வருவேன் என்று பிடிவாதமாகச் சொன்னேன். வேண்டாம் என்றார், பிறகு விட்டுவிட்டார். கையடக்கப் பம்பில் காற்று நிரப்பி, வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வேளச்சேரி சாலையில் பேருந்துகள் பின்னாலேயே நின்று ஹாரன் அடித்தன. அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

கடைக்காரர் டீலரிடமிருந்து இரண்டு வகையையும் வரவழைத்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார். வேண்டாததைத் திருப்பி அனுப்பிக்கொள்கிறேன் என்றார். வண்டியை லிஃப்டில் ஏற்றி நான்கு சக்கரங்களையும் கழற்றினார்கள். கடைக்காரர் வழக்கமான கேள்வியாகத்தான் கேட்டார், தினமும் ஓட்டுகிற வண்டியா என்று. என் கணவர் இல்லை என்று தலையாட்டி, காய்ந்த சாலை டயரைக் காட்டினார்.

வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் இழுக்க என்னிடம் எதுவும் இல்லை.

"அந்த ரோட்ல ஓட்டிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவியா?" என்று கேட்டேன்.

சக்கரமில்லாமல் மேலே நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல" என்றார்.

"செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா?"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நானே வேறு யாரோ சொன்னது போலக் கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு உண்மையாகவே என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நாளா" என்றார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. கோபப்படவோ, எனக்கு ஏன் இதைச் செய்கிறாய் என்று கேட்கவோ அப்போது தோன்றவில்லை. பயம் மட்டும்தான். வா என்றேன், எழுந்தார். இப்போதே வந்துவிடுகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, சாலைக்கு வந்து கிடைத்த ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சேலையூர் தாண்டும்போது தூறல் போட்டது. அவர் அழ ஆரம்பித்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகமாக ஓட்டினார்.

அதே மருத்துவரிடம்தான் போனோம். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார், என் கணவரும் மறைக்காமல் சொன்னார். உள்ளே எவ்வளவு காலமாக என்னென்ன நடந்திருக்கிறது என்பதை நானும் அந்த அறையில்தான் முதன்முதலாகக் கேட்டேன். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றார் மருத்துவர். என்னிடம், நீங்கள் அவரிடம் கேட்டது நல்லதாகப் போயிற்று, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றார். நான் தலையாட்டினேன். எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மருத்துவமனை நடைபாதையில் நின்றபோது கடைக்காரர் போன் செய்தார்.

"இன்னா மேடம், போனவங்க வரவே இல்ல. வண்டி லிஃப்ட்லயே நிக்குது, பின்னால இன்னொரு வண்டி வெயிட் பண்ணிக்கினு கீது. சார் சொன்னதையே போட்டுடட்டா?"

"வேணாம்" என்றேன். "மழைக்குப் பிடிக்கறதைப் போடுங்க."

சார் திட்டுவாரே என்றார். திட்டட்டும் அண்ணா என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவர், வண்டி இங்கேயே ஓரமாக நிற்கட்டும், மெதுவாக வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிற்பாடு என் தம்பிதான் போய் எடுத்து வந்தான்.

கணவர் வீடு திரும்பியபோது மழைக்காலம் முழு வீச்சில் இருந்தது. குணமாகிவிடவில்லை. மாத்திரையை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். சில காலைகளில் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். நான் அறைக்கு வெளியே நின்று அவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்பேன். மாமியார் எங்களோடு வந்து தங்கினார். நான் பள்ளியில் இருக்கும்போது அவர் மகனின் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவார்.

மழை விடாத ஒரு சனிக்கிழமை, வண்டியில் கொஞ்ச தூரம் போகலாமா என்று கேட்டார். நான்தான் ஓட்டுவேன் என்றேன். சரி என்றார். அகரம்தென் பக்கம் போனோம். அவ்வளவு தாழ்வான வண்டியை நான் ஓட்டியதே இல்லை. சாலையோரம் தண்ணீர் தேங்கிய இடத்தில் பயந்து வேகத்தைக் குறைத்தேன். வண்டி நழுவாமல் போயிற்று.

"இதையா போடச் சொன்னே?" என்றார்.

"ஆமா."

"ஸ்டியரிங் மந்தமா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

வீடு வரும்வரை அவர் பக்கத்துக் கண்ணாடியில் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அதில் ஆறுதலா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் எழுந்தார்.

இப்போது வாரத்தில் சில நாள் அலுவலகம் போகிறார். முடியாத நாளில் அவரே என்னிடம் சொல்லிவிடுகிறார், இன்றைக்கு எண்ணம் மோசமாக இருக்கிறது என்று. அப்போது நான் பள்ளிக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.