அடுத்த வீட்டு அடுப்பு

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். இறந்தவரைக் குளிப்பாட்ட வெந்நீர் அடுத்த வீட்டு அடுப்பில்தான் காயும். நான் சொல்லும் குடும்பத்தின் வீடு, லயம் என்கிற எங்கள் வரிசைக் குடியிருப்பில் கடைசி வீடு. அதற்கு அடுத்தது என் வீடு. நடுவில் ஒரு சுவர்தான்.

ஐம்பதுகளில் தோட்டத்தில் இரண்டு யூனியன் இருந்தது. ஒரு வேலைநிறுத்தத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் மோதிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் தலையில் அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். அடித்தது எதிர் யூனியனில் இருந்த அந்தக் கடைசி வீட்டுக்காரன்தான் என்று சிலர் சொன்னார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் யார் கண்டது? அவன் கையில் கம்பு இருந்ததை நான் பார்த்தேன். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். உலக்கையால் சுவரை இடிப்பேன். அவன் பெண்டாட்டி குழாயடிக்கு வந்தால் என் குடத்தை நகர்த்த மாட்டேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அதுவும் எனக்கு ஆத்திரம்தான். அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று ஜெபத்தில்கூடக் கேட்டிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் அவர்களுடைய சின்னப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். நான் கேட்டது இதை இல்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன பகை?

அடக்க ஜெபத்துக்கு உபதேசியார் வந்துவிட்டார். சவப்பெட்டியும் வந்துவிட்டது. வெந்நீர் மட்டும் வரவில்லை. எங்கள் யூனியன்காரர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையில் நின்று என் வாசலையே பார்த்தார்கள். நான் அடுப்பு மூட்டாமல் வேறு யாரும் மூட்ட மாட்டார்கள்.

எங்கள் யூனியன் தலைவர் என் வீட்டுக்குள் வந்து, "ஒனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம் தாயி. யாரும் ஒன்னயக் குத்தம் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அப்போது சுவருக்கு அந்தப்புறம் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளைக்குத் தகப்பனே வெந்நீர் வைக்கப் பார்க்கிறான். நமத்த குச்சி பற்றவில்லை. திரும்பத் திரும்ப உரசினான். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "கொஞ்சம் நகருங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு அடுப்பில் தவலையை ஏற்றினேன்.

வெந்நீரோடு நான் நுழைந்ததும் அவன் எழுந்து நின்றான். கையில் தீப்பெட்டி இருந்தது. "தங்கச்சி" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அவன் பெண்டாட்டி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சூடு பாத்தீகளாக்கா? பிள்ள பொறுக்க மாட்டா."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சைத்தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கலந்தேன்.

"இப்ப பதமா இருக்கு தாயி" என்றேன். "ஊத்து."