டெஸ்டர் வீட்டு இன்டர்நெட்

எங்கள் தெருவில் என் மாமனாரின் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டெஸ்டர் வீடு என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள்; இவர் டெஸ்டர் வைத்திருப்பார். கரண்ட் வருகிற இடத்தில் முனையை வைத்தால் உள்ளே சின்னதாக ஒரு விளக்கு எரியுமே, அதுதான். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அவருடைய புதுச் சட்டைப் பையிலிருந்து அதன் சிவப்புத் தலை எட்டிப் பார்க்கிறது.

இவ்வளவுக்கும் மனுஷர் எலக்ட்ரீசியன் இல்லை. பஸ் டிப்போவில் உதிரி பாகங்கள் வைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பல்ப் கேட்டால் பல்ப், பெல்ட் கேட்டால் பெல்ட், எடுத்துக் கொடுப்பதோடு சரி. பழுது பார்க்கும் வேலையை அவரை நம்பி யாரும் கொடுத்ததே இல்லை. கொடுக்காததும் நல்லதுதான், பஸ்கள் ஓடின. அந்த ஏக்கத்தையெல்லாம் அவர் வீட்டில்தான் தீர்த்துக்கொண்டார். வீடு கட்டும்போது வயர்மேன்களோடு சண்டை போட்டு ஒவ்வொருவராகத் துரத்திவிட்டு, கடைசியில் வந்தவரைப் பக்கத்தில் நிற்கவைத்துத் தானே பாதி வயரை இழுத்தார். "இது நான் போட்ட வயரிங்" என்று சொல்லும்போது அவருக்கு நெஞ்சு நிமிரும். எங்கள் வீட்டில் பாத்ரூம் விளக்குக்கு சுவிட்ச் சமையலறையில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

நான் அந்த வீட்டின் மாப்பிள்ளை, அதுவும் வீட்டோட மாப்பிள்ளை. கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். என் மனைவி அவர்களுக்கு ஒரே பெண். முப்பது வயது தாண்டியவளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். அவளுடைய கம்பெனி ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் வேறு ஊரில் இருக்கிறது. மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வேலை. மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள் என்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. இன்டர்நெட் பெட்டி கீழே ஹாலில். மாமா கட்டிய சுவர்களோ கோட்டைச் சுவர்கள். வைஃபை பாதி மாடிப்படி வரைக்கும் ஏறும், அதற்கு மேல் மூச்சு வாங்கி நின்றுவிடும். இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் ஒரு ஓட்டை போட்டு மாடிக்குக் கேபிள் இழுத்துவிடலாம் என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"ஓட்டையா? என் செவுத்துலயா? தம்பி, நீங்க கெளம்புங்க."

சில நாட்கள் கழித்து மாமா எங்கிருந்தோ இரண்டு வெள்ளை டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒன்றை இன்டர்நெட் பெட்டியோடு ஒயரில் இணைத்து ஹால் பிளக்கில் செருக வேண்டும். இன்னொன்றை மாடி அறை பிளக்கில் செருகி, அதிலிருந்து ஒரு ஒயரை கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் வேறு ஒன்றும் வேண்டாம். வீட்டுக்குள் ஓடுகிற கரண்ட் வயர் வழியாகவே நெட் மேலே போய்விடும். மந்திரமில்லை, நிஜமாகவே போகிறது. நானே பார்த்தேன். அன்று மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இன்டர்நெட்டையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி இருந்தார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? கரண்ட் போற ரோட்டுலயே நெட்டும் போகுது. ஏன் போகுது? நான் போட்ட வயரிங். வேற வீட்டுல இப்படிப் போகச் சொல்லுங்க பாப்போம்."

வேறு வீட்டிலும் போகும் என்று டப்பா வந்த அட்டைப் பெட்டியிலேயே போட்டிருந்தது. வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. மோட்டார் ஓடினால் நெட்டுக்கு இடைஞ்சல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், சட்டத்துக்கு மேல் சட்டம். வேலை நேரத்தில் மிக்ஸி போடக் கூடாது. வாஷிங் மெஷின் கூடாது. இஸ்திரிப் பெட்டியைத் தொடவே கூடாது. அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"நான் நெட்டுக்கு சமைக்கிறேனா, மனுஷங்களுக்கு சமைக்கிறேனா? இன்னைக்கு அரைக்காம அப்படியே முழுசா போடறேன். மென்னு தின்னுங்க."

"ஒரு நாள் அரைக்காட்டி குடியா முழுகிடும்?"

"உங்க டப்பா ஒரு நாள் ஓடாட்டிதான் குடி முழுகுமா?"

இவ்வளவு செய்தும் மத்தியானமானால் நெட் போகும். தினமும் இல்லை, ஆனால் வெயில் ஏறினால் பெரும்பாலும் போகும். மாமா உடனே துப்பறிய இறங்கிவிடுவார். கடையில் ஒரு அம்மாவுக்குக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன், போன் வரும்.

"மாப்பிள்ளை, ஷேவிங் மெஷின் போட்டீங்களா?"

"மாமா, நான் கடையில இருக்கேன்."

"காலைல போட்டீங்களா?"

காலையில் போட்ட ஷேவிங் மெஷின் மத்தியானம் நெட்டைக் கெடுக்குமாம். இதற்கு என்ன பதில் சொல்வது? அப்புறம் டப்பாவைப் பிடுங்குவார், ஊதுவார், துடைப்பார், மறுபடி செருகுவார். சாயங்காலத்துக்குள் எப்படியோ வந்துவிடும். வந்ததும் ஊதியதால்தான் வந்தது என்பார். நான் ஒருநாள் வயரிங்கில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று மெதுவாக இழுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செருப்பு சைஸ் பத்தி சொல்லுங்க, கேட்டுக்கறேன்." சுரணை கெட்டவனாக அதற்கும் சிரித்துவைத்தேன். அவர் வீட்டில் இருக்கிறேனே.

போன மாதம் விஷயம் முற்றிவிட்டது. பேச்சுக்கு நடுவில் லைன் அறுந்து போகிறது, அறுந்தால் திரும்பி வருவதேயில்லை என்று என் மனைவியின் மேனேஜர் கோபமாகிவிட்டார். அடுத்த புதன்கிழமை ஒரு பெரிய மீட்டிங். வாடிக்கையாளர்களுக்கு இவள்தான் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் காட்டி விளக்க வேண்டும். அதிலும் கட் ஆனால் இனிமேல் வீட்டு வேலை கிடையாது, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது அவள் இதைச் சொன்னாள். அத்தை கை அப்படியே நின்றது. மாமா தட்டை நகர்த்தி வைத்தார்.

"எவன் வந்தாலும் என் பொண்ணு இந்த வீட்டை விட்டுப் போகப் போறதில்ல. புதன்கிழமை நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். புதன்கிழமை எங்கள் வீடு பரீட்சை ஹாலாக மாறியது. பிரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டார். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றிவிட்டார். தெருவில் வந்த இஸ்திரிக்காரரை வாசலிலேயே சைகை காட்டித் திருப்பி அனுப்பினார். என்னை அரை நாள் லீவு போடச் சொல்லி, ஹால் டப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என் வேலை அதன் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது. படித்துப் பட்டம் வாங்கியவன் நான். விளக்கைப் பார்த்தேன்.

மேலே அவள் குரல் கேட்டது. கடகடவென்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மாமா மாடிப்படிக்கும் ஹாலுக்கும் நடையாக நடந்தார். பாதி நேரம் ஓடிவிட்டது. அத்தைகூட லேசாகச் சிரித்தாள். அப்போது ஹால் பேன் சோர்ந்தது. வோல்டேஜ் இறங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் மூன்று தனித்தனி லைன்களில் வருகிறது. அதை ஃபேஸ் என்பார்கள். ஒன்றில் வோல்டேஜ் குறைந்தால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள மாடிப்படிக்குக் கீழே ஒரு போர்டு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு திருகு சுவிட்ச். மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். அந்தப் போர்டுதான் மாமாவின் ராஜ்ஜியம். வேறு யார் கையும் அதில் படக் கூடாது.

மாமா விளக்குகளைப் பார்த்தார். மஞ்சள் மங்கிப்போயிருந்தது. ஹாலும் மாடி அறையும் அதில்தான் இருந்தன.

"பாப்பா மேல வேர்த்துக் கொட்டிட்டு உக்காந்திருக்கும். நமக்கென்ன, நாம தாங்கிக்கலாம்" என்று கிசுகிசுத்தார். மாடி அறையின் திருகை மட்டும் மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் திருப்பினார். மேலே பேன் விர்ரென்று வேகம் எடுத்தது இங்கே கேட்டது. என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

மேலே அவள் குரல் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் படியிறங்கி வந்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. "கட் ஆயிடுச்சுப்பா" என்றாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "உங்க போன் சார்ஜ்ல கெடக்கா?" என் போன் என் கையில் இருந்தது. அடுத்து இன்டர்நெட் கம்பெனியைத் திட்டினார், பக்கத்து வீட்டுக்காரன் வெல்டிங் வைக்கிறான் என்றார், ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கி ஊதினார். எனக்கோ என் கவலை. அவள் வேறு ஊர் போனால் நானும் போக வேண்டும். என் கடை, என் நண்பர்கள், அத்தை சாப்பாடு, எல்லாம் போச்சு.

"நிக்கறியே! உன் போன்ல நெட் இருக்குல்ல, அதுல மாத்திக்கிட்டு பேச வேண்டியதுதானே? ஓடு மேல!" என்று கத்தினேன்.

அவள் ஓடவில்லை. அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஊதாதீங்க. அதுல ஒண்ணும் இல்ல. ரெண்டு டப்பாவும் ஒரே ஃபேஸ்ல இருந்தாதான் நெட் வரும். நீங்க மேல மட்டும் மாத்தினா போயிடும். சாயங்காலம் பழையபடி வெச்சா வந்துடும்."

மாமா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் வாரத்துலயே தெரியும். நெட் போறப்ப எல்லாம் பேன் வேகமாச் சுத்துது, தெரியாதா? எனக்காகத்தான் மாத்தறீங்கன்னு சொல்லல. போன்ல மாத்திக்கிட்டு வேலையப் பாத்தேன். ஆனா ரெண்டு மாசமா அப்படி மாத்தறதில்ல."

"ஏன்?" என்றேன் நான்.

"எனக்கு ஆபீஸ் போகணும்ங்க. மூணு வருஷமா அந்த ரூம். தூங்கி எந்திரிச்சா அங்கதான் வேலை, வேலை முடிஞ்சா அங்கதான் தூக்கம். என்கூட வேலை பாக்கறவங்க யாரையும் நான் நேர்ல பாத்ததே இல்ல. போறேன்னு நேரா கேட்டா அப்பா மனசு உடைஞ்சு போவாரு. அதான் அவங்களே கூப்பிடட்டும்னு இருந்தேன். எனக்கு மூச்சு முட்டுதுப்பா. நிஜமாவே முட்டுது."

அவள் அழுதாள். அத்தை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "போயிட்டு வா. நான் இருக்கேன்ல, இவரப் பாத்துக்கறேன்" என்றாள். மாமா டப்பாவைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். நான்தான் வீராப்பாக, "சரி, எப்ப கிளம்பணும்? எனக்கும் அந்த ஊர்ல ஒரு வேலை பாக்கணும்" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு? ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல ஏற்கெனவே கேட்டு வெச்சிருக்கேன். லீவுக்கு வருவேன். உங்களுக்கு இங்க எல்லாம் வசதியாத்தானே இருக்கு?"

வசதியாக இருந்தது உண்மைதானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ரயில் ஏற்றிவிட்டு நானும் மாமாவும் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் அவர் மாடிக்குப் போனார். வெகு நேரமாகியும் இறங்கி வரவில்லை. பயந்துபோய் ஏறிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பிளக்கில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுகிற பேனைத் தவிர அறையில் ஒன்றும் ஓடவில்லை.

"மாப்பிள்ளை, இத கழட்டிடலாமா? இல்ல, உங்களுக்கு எதுக்காச்சும் மேல நெட் வேணுமா?" அவர் குரல் இப்படி இறங்கி நான் கேட்டதேயில்லை.

எனக்கு மாடியில் நெட் எதற்கு? வீட்டுக்கு வந்தால் ஹாலில் கிடக்கிறவன் நான். செருப்புக் கடையில் என்ன மீட்டிங் நடக்கிறது?

"வேணும் மாமா, தினமும் வேணும்" என்றேன்.